உட்காரச் சொல்லாத கடை

கேள்வி: மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கச் சென்னையில் ஒரு சின்ன பொட்டிக்குக்கு (ஃபேஷன் துணிக்கடை) போனேன். கட்டியிருந்தது சுங்குடிச் சேலை, காலில் ரப்பர் செருப்பு. சுவரில் தொங்கிய ஒரு குர்தாவின் விலையைக் கேட்டேன் (அதுவும் சுங்குடித் துணியில் தைத்ததுதான்). "அது கொஞ்சம் காஸ்ட்லி மேடம்" என்றாள் விற்பனைப் பெண். விலையைக் கடைசிவரை சொல்லவே இல்லை. எனக்குப் பின்னால் காரில் வந்து இறங்கிய அம்மாவுக்கு க்ரீன் டீ. என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. இது பாகுபாடு இல்லையா? புகார் கொடுக்க முடியுமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி, திண்டுக்கல்

பதில்: பாகுபாடுதான், அதிலென்ன சந்தேகம். புகாருக்கு அப்புறம் வருகிறேன். 'உட்காரக்கூடச் சொல்லவில்லை' என்றீர்களே, எனக்கு அதைத் தாண்டி நகர முடியவில்லை. அந்த விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தாரா? இருக்காது. காலையில் கடை திறக்கும்போது நிற்க ஆரம்பித்தவர் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்பார், நடுவில் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூம் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தால்தான் உண்டு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் இதற்காக வருடக்கணக்கில் போராடி, 2018-ல் கேரளத்தில் சட்டம் வந்தது. நம் ஊரிலும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். சட்டம் உட்கார்ந்துவிட்டது, பெண்கள் நிற்கிறார்கள். தி.நகரில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடை மாடிக்கு ஏறிப் பாருங்கள். இதை நான் எழுதும்போதெல்லாம் "மறுபடியும் ஸ்டூலைத் தூக்கிட்டீங்களா சார்" என்று உதவி ஆசிரியர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவருக்குச் சுழல் நாற்காலி இருக்கிறது.

சரி, உங்கள் கோபத்தில் பாதியை அந்தப் பெண்ணிடமிருந்து எடுத்து முதலாளி கணக்கில் வையுங்கள். அந்தக் குர்தாவை வாங்க அவருக்கே கட்டுப்படியாகாது. செருப்பைப் பார்த்து ஆளை எடைபோடச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

உடனே யாராவது, அந்தக் காலத்து ஜவுளிக்கடையில் மெத்தை விரித்து வெள்ளைத்துணி போட்டு, வந்தவரை உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, எடுக்காவிட்டாலும் முகம் சுளிக்காமல் புடவையாக விரித்துப் போடுவார்களே என்று ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மெத்தையில் யார் உட்கார்ந்தார்கள்? எந்தத் தெருக்காரரைப் படிக்குக் கீழேயே நிறுத்தித் துணியைத் தூக்கிப் போட்டார்கள்? இதெல்லாம் தெரிந்துதான் அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவில் கிணறு, குளத்தோடு கடையையும் சேர்த்து எழுதினார்கள். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, சலூனும் சலவைக்கடையும் இதில் அடக்கமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தேடி வருகிற யாருக்கும் சேவை தரத் தயாராக இருக்கிற இடமெல்லாம் கடைதான் என்றார் அம்பேத்கர். டாக்டர், வக்கீல்? அவர்களும்தான். 1955-ல் வந்த சட்டம், தீண்டாமையைக் காட்டிப் பொருள் விற்க மறுப்பதைக் குற்றமாகவே ஆக்கியது.

உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று போகும் 15-வது பிரிவின் பட்டியலில் ரப்பர் செருப்பு இல்லை. சாதி பார்க்கிறவனும் இப்போது கெட்டிக்காரனாகிவிட்டான். வாயைத் திறந்து சாதி கேட்க மாட்டான், செருப்பைப் பார்ப்பான், பேச்சைக் கவனிப்பான், ஏன் என்று கேட்டால் "எங்க கிளையன்ட்டே வேற சார்" என்பான். 2023 மார்ச்சில் கோயம்பேட்டில் ஒரு தியேட்டர் வாசலில், கையில் டிக்கெட்டோடு நின்ற நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடாமல் சென்சார் சான்றிதழைக் காரணம் சொன்னார்களே, அந்த ரகம். 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் வாசலில் நிறுத்தியபோது மட்டும் அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. வேட்டிக்கு ஒரு நீதிபதி கிடைத்தார், சுங்குடிக்கு இன்னும் ஒருவர் சிக்கவில்லை.

கல்லாவுக்குப் பின்னால் காந்தி பலகை இருந்ததா, பார்த்தீர்களா? 'வாடிக்கையாளரே நம் இடத்துக்கு வருகிறவர்களில் மிக முக்கியமானவர்' என்று, கீழே மகாத்மா காந்தி பெயரோடு. காந்தியின் எழுத்துகள் நூறு தொகுதிகளாக வந்திருக்கின்றன, அதில் இது இல்லை. ஏறக்குறைய இதே வாசகம் 1941-ல் அமெரிக்காவில் ஒரு கார் கம்பெனியின் விற்பனைத் தலைவர் பெயரில் இருக்கிறது. இதைச் சொன்னால் சந்தாவை நிறுத்துகிறேன் என்று மிரட்டுகிற ஈரோட்டு வாசகர் இந்த இதழையும் படித்துக்கொண்டிருப்பார், அவருக்கு என் வணக்கம். 1921 செப்டம்பரில் மதுரையில் அரைவேட்டிக்கு மாறிய மனிதர் அப்படியே உங்கள் பொட்டிக்குக்குள் நுழைந்திருந்தால், கைத்தடியை வெளியே வைக்கச் சொல்லி, "இது கொஞ்சம் காஸ்ட்லி தாத்தா" என்று வாசலைக் காட்டி, அவர் தெரு முனை திரும்புவதற்குள் 'காதி கலெக்ஷன்' என்று அந்த அரைவேட்டியையே பொம்மைக்குக் கட்டிவிட்டிருப்பார்கள். உங்கள் சுங்குடிக்கு நடந்ததும் அதுதானே? சுங்குடி தயாராகும் சின்னாளப்பட்டி உங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ் தூரம்.

புகாருக்கு வருகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி காசு கொடுத்து வாங்கியவர்தான் நுகர்வோர். விலை சொல்லாததால் நீங்கள் வாங்கவில்லை, வாங்காததால் நீங்கள் நுகர்வோர் இல்லை. கடைக்காரர் தெரிந்தே இப்படிச் செய்திருந்தால் அவருக்கு நல்ல வக்கீல் இருக்கிறார். சாதியைச் சொல்லி ஏதாவது பேசியிருந்தால் நேரே போலீசுக்குப் போகலாம், உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மிச்சமிருப்பது 22-ஏ. இந்த முகவரியில் இருக்கும் கடையில் ஊழியருக்கு ஸ்டூல் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள் என்று தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். நகல் எனக்கும் வரட்டும், உதவி ஆசிரியர் மேஜையில் வைக்கிறேன்.