மறு: டைட்டானியா படலம் கண்ணாடியிலிருந்து உரிந்து வருகிறது

வணக்கம். பி25 தூளை (டைட்டானியா, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடின் நானோ துகள்) நீரிலும் அசிட்டிக் அமிலத்திலும் அரைத்து, எஃப்டிஓ கண்ணாடியின் (மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி) ஓரங்களில் உயரத்துக்காக இரண்டு அடுக்கு டேப் ஒட்டி, நடுவே அந்தப் பேஸ்ட்டை இழுத்துப் பரப்பினீர்கள்; 450 டிகிரி செல்சியஸில் வைத்து எடுத்தால் பாளம் பாளமாக உரிகிறது என்கிறீர்கள். ஃபர்னஸ் மேல் பழி வேண்டாம். விரிசல் பெரும்பாலும் உலரும்போதே விழுந்துவிடும். துகள்களுக்கு நடுவே இருக்கும் நீர் ஆவியாகையில் அவற்றை நெருக்கி இழுக்கிறது, கண்ணாடி சுருங்காது. படலம் தடித்தால் பிளந்துவிடும். சூடாக்குமுன் மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பாருங்கள், தெரிந்துவிடும்.

முதலில் டேப்பை ஒரே அடுக்காக்குங்கள். அதிலும் பிளந்தால் பேஸ்ட்டையே மாற்றுங்கள், நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்: எடையில் டைட்டானியா 18%, எத்தில் செல்லுலோஸ் 9%, டெர்பினியால் 73%. டெர்பினியால் மெல்ல ஆவியாகும், செல்லுலோஸ் துகள்களைப் பிடித்து நிறுத்தும். ஒவ்வொரு பூச்சையும் சில நிமிடம் சமதளத்தில் விட்டு, 125 டிகிரியில் 6 நிமிடம் உலர்த்திய பிறகே அடுத்தது. மொத்தத் தடிமன் 10 மைக்ரான் அளவு போதும்.

பிறகு 325, 375 டிகிரிகளில் 5 நிமிடம், 450, 500 டிகிரிகளில் 15 நிமிடம் எனப் படிப்படியாக ஏற்றுங்கள். நேரே 450க்குப் போனால் செல்லுலோஸ் ஒரேயடியாக எரிந்து வாயு படலத்தைத் தூக்கிவிடும். ஃபர்னஸுக்குள்ளேயே ஆறவிடுங்கள்.

விரிசலே இல்லாமல் முழுத் தகடாகக் கழன்றால் காரணம் எண்ணெய்ப்பசை. கண்ணாடியைச் சோப்பு நீர், தூய நீர், எத்தனால் என அல்ட்ராசானிக் (மீயொலி) தொட்டியில் தலா 15 நிமிடம் கழுவுங்கள். கழுவியபின் விரல் படக்கூடாது.