டஸ்ட் என்றால் குப்பையா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடையில் 'டஸ்ட்' என்று அச்சிட்ட தேயிலைப் பாக்கெட் வாங்கினேன். மகளின் ஆங்கிலப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்குத் 'தூசி' என்று போட்டிருக்கிறது. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கூட்டி அள்ளியதைத்தான் நமக்கு விற்கிறார்களா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: இல்லை. கூட்டி அள்ளியதற்கு வேறு பெயர் இருக்கிறது, கீழே சொல்கிறோம்.

தேயிலையில் டஸ்ட் என்பது துணுக்கின் அளவைக் குறிக்கும் பெயர். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். அது 12 முதல் 16 மணித்தியாலம் வாடி, ரோலரில் உருண்டு நொறுங்கி, காற்றுப் பட்டுச் சிவந்து, டிரையரில் ஏறத்தாழ 20 நிமிடம் காய்ந்து வெளியே வரும்போது பெரிதும் சிறிதும் கலந்தே வரும். காம்பையும் நாரையும் நீக்கிவிட்டு மிச்சத்தைச் சலித்துப் பிரிக்கிறார்கள். சல்லடை இலக்கம் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்ற கணக்கு. இலக்கம் ஏற ஏறக் கண் சிறுக்கும். பெரிய துணுக்கு பீஓபீ (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ), அதைவிடச் சிறியது பீஓபீஎஃப், அதையும் தாண்டி இறங்குவது டஸ்ட். மூன்றும் ஒரே கொழுந்துதான். கொழும்பு ஏலத்தில் டஸ்ட் தனி வகையாகவே விலை போகிறது. நல்ல தோட்டத்து 'டஸ்ட் 1', சுமாரான தோட்டத்து பீஓபீயை விலையில் முந்துவதும் உண்டு. தென்னிந்திய டீக்கடைகள் விரும்பி வாங்குவதும் டஸ்டைத்தான். பால் ஊற்றினாலும் நிறமும் கடுப்பும் நிற்கும்.

தரையில் கூட்டியது, பஞ்சு மாதிரிப் பறக்கும் ஃபிளஃப், முற்றிய காம்பு ஆகியவற்றுக்கு 'ரெஃபியூஸ் டீ' என்று பெயர், கழிவுத் தேயிலை. அதை வைத்திருப்பதும் விற்பதும் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தேயிலைச் சபை அதைக் கண்காணிக்கிறது. ஆபத்து எங்கே என்றால், அந்தக் கழிவை அரைத்துச் சாயம் ஏற்றி, 'டஸ்ட்' என்று சில்லறையாகத் தள்ளிவிடும் இடத்தில். பெயர் ஒன்றாக இருப்பது அவர்களுக்கு வசதி.

சந்தேகம் வந்தால் கண்ணாடிக் கிளாஸில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். கலக்க வேண்டாம். விழுந்த கணமே சிவப்புக் கோடுகளாக நிறம் இறங்கினால் சாயம் ஏற்றியது. நல்ல டஸ்டும் குளிர்ந்த நீரில் நிறம் விடும், ஆனால் மெதுவாக விடும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இன்னொன்று: தூளைக் கடதாசியில் பரப்பி, மேலே காந்தத்தை நகர்த்துங்கள். இரும்புத்தூள் கலந்திருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பீஓபீக்குப் போடும் அதே அளவில் டஸ்ட் போட்டால் தேத்தண்ணி கசக்கிறது. ஏன்?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: இரண்டு காரணங்கள். டஸ்ட் நெருங்கிப் படியும், அதனால் அதே கரண்டியில் எடை கூடுதலாக ஏறும். துணுக்கு சிறியதாகையால் சாறும் வேகமாக இறங்கும். சுவை பார்ப்பவர்களுக்கான சர்வதேச முறை 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். அது குறையைக் கண்டுபிடிப்பதற்கான கடுப்பு, குடிப்பதற்கானது அல்ல. வீட்டில் ஒரு கோப்பைக்கு டஸ்ட் முக்கால் தேக்கரண்டி தட்டையாக எடுத்து, இரண்டரை நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பீஓபீக்கு நாலைந்து நிமிடம் கொடுக்கலாம். தூளைக் கேத்தலிலேயே கிடக்கவிட்டுத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதுதான் கசப்பின் முக்கிய காரணம்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொழும்பில் இரண்டு நிமிடத்தில் இறங்கும் சாயம் அங்கே சற்றுப் பிந்தும். தூளைக் கூட்டாதீர்கள், அரை நிமிடம் கூடுதலாக விடுங்கள்.

கேள்வி: 'டஸ்ட் த டேபிள்' என்றால் தூசி தட்டு. 'டஸ்ட் த கேக்' என்றால் சீனி தூவு. ஒரே சொல் எப்படி நீக்கவும் போடவும் செய்கிறது? பரீட்சையில் எதை எழுதுவது?
– உயர்தர மாணவி, பண்டாரவளை

பதில்: பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. அந்தப் பொருளை எடுப்பதா இடுவதா என்று வினை வாய்விட்டுச் சொல்லாது, வாக்கியத்தின் மீதியிடம் விட்டுவிடும். 'வித்' வந்தால் தூவுவது என்று சில வழிகாட்டிகள் சொல்வது பாதிதான் சரி. 'டஸ்ட் இட் வித் எ க்ளொத்' என்பதிலும் 'வித்' வருகிறது, அங்கே துடைக்கிறோம். 'வித்' என்பதற்குப் பின்னால் வருவது என்ன என்று பாருங்கள். சீனி, மா, மருந்துப் பொடி என்றால் தூவுதல். துணி, பிரஷ் என்றால் துடைத்தல். ஒன்றும் வராவிட்டால் பெரும்பாலும் துடைத்தல்தான். கேக் உணவாகையால் விதிவிலக்கு. 'ஆஃப்' சேர்ந்தால் எப்போதும் தட்டி நீக்குவதே. 'டஸ்ட் ஃபோர் ஃபிங்கர்பிரின்ட்ஸ்' என்றால் கைரேகை தெரிவதற்காகப் பொலிஸார் பொடி தூவுவது.

மொழிபெயர்ப்புக் கேள்வியில் 'தூசி' என்றே எல்லா இடத்திலும் எழுதினால் புள்ளி போகும். வீதியில் எழுவது புழுதி, அலுமாரி மேல் படிவது தூசி, மரம் அறுக்கும்போது விழுவது மரத்தூள். மரபுத்தொடர்களில் நமக்கு மண்தான் கைகொடுக்கும்: 'பைட் த டஸ்ட்' என்பதற்கு மண்ணைக் கவ்வுதல், 'த்ரோ டஸ்ட் இன் ஹிஸ் ஐஸ்' என்பதற்குக் கண்ணில் மண் தூவுதல். இவ்வளவு கச்சிதமான பொருத்தம் அடிக்கடி கிடைக்காது, விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 'டஸ்ட்ஸ்' என்று பன்மையில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். பிழையா?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: வீட்டுத் தூசிக்குப் பிழை, அதற்குப் பன்மை கிடையாது. தேயிலை வியாபாரத்தில் சரி, அங்கே அது 'டஸ்ட் வகைகள்' என்று பொருள்படும்.

கேள்வி: ஸ்டோரில் 'தூல் நம்பர் 1' என்று எழுதிய பலகை இருக்கிறது. அதுவும் டஸ்ட்தானா?
– பயிலுநர், ஹட்டன்

பதில்: அல்ல. அது நம்முடைய 'தூள்'தான். தேயிலைத் தொழிலின் ஆங்கிலத்துக்குள் போய், ஆங்கில எழுத்தில் பலகைக்குத் திரும்பி வந்திருக்கிறது. ரோலரிலிருந்து இறங்கும் ஈரக் கொழுந்தை ரோல் பிரேக்கரில் சலித்ததும் முதலில் விழுவது தூள் 1. சல்லடையில் நின்றதை மறுபடி உருட்டிச் சலித்தால் தூள் 2, பிறகு 3. கடைசிவரை விழாமல் நிற்பது பிக் பல்க். எல்லாமே காய்வதற்கு முந்திய நிலை.

டஸ்ட் என்ற பெயர் காய்ந்து கிரேட் பிரித்த பிறகுதான் வரும். தூள் ஒவ்வொன்றும் சிவக்க வைக்கும் நேரத்தைத் தனித்தனியாகப் பதிய வேண்டும். முதல் தூள் முந்தி விழுவதால் முந்தியே டிரையருக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துவிட்டால் ஒரு பகுதி அதிகம் சிவந்து மந்தமாகும், இன்னொரு பகுதியில் பச்சை வாடை நிற்கும். அப்படிக் கலந்ததைப் பின்னால் எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. நேர்முகத் தேர்வில் இந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள்.

கேள்வி: சலிக்கும் அறையில் வேலை. மூக்கில் துணி கட்டினால் போதுமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: போதாது. ஃபிளஃபின் நுண்ணிய பகுதி சேலைத்துணியை ஊடுருவும். என்95 வகை முகக்கவசம் கேளுங்கள், மூக்குக் கம்பியை அழுத்தி இடைவெளி இல்லாமல் அணியுங்கள். தூசி உறிஞ்சும் விசிறி ஓடாத நாளில் சல்லடையை ஓட்டக் கூடாது. தரையை விளக்குமாற்றால் கூட்டினால் படிந்தது மறுபடி எழும். உறிஞ்சும் இயந்திரத்தால் எடுப்பதே நல்லது. இருமலோ இழுப்போ வேலை நாட்களில் கூடி, விடுமுறையில் குறைந்தால் அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.