அதிர்ஷ்டத்தை விட்டுவிடுங்கள்

கேள்வி: உலகின் வேகமான ஓட்டக்காரர்கள் அமெரிக்காவில்தான் அதிகம். ஆனாலும் ஆண்கள் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் அவர்களுக்குக் கிடைக்கவே மாட்டேன் என்கிறதே? அதிர்ஷ்டம் இல்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம் சொல்ல முடியும்?

பதில்: ஒருமுறை என்றால் நானும் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவேன். அவர்கள் கடைசியாகத் தங்கம் வென்றது 2000-ல், சிட்னியில். அதற்குப் பிறகு ஆறு ஒலிம்பிக் முடிந்துவிட்டது. 2012-ல் லண்டனில் ஜமைக்கா 36.84 விநாடியில் உலக சாதனையே படைத்தது; அந்த வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியாது. மற்ற ஐந்தையும் எடுத்துப் பாருங்கள். ஐந்திலும் பேட்டன் (ஒருவர் ஓடிவந்து அடுத்தவர் கையில் கொடுக்கும் குச்சி) கைமாறிய இடத்தில்தான் கோளாறு. இதற்குப் பெயர் அதிர்ஷ்டக்குறைவா?

2004 ஏதென்ஸ் அணியில் நூறு மீட்டரில் தங்கம் வாங்கிய காட்லின், வெண்கலம் வாங்கிய மாரிஸ் கிரீன், இருநூறில் தங்கம் வாங்கிய ஷான் கிராஃபோர்ட் மூவரும் இருந்தார்கள். நடுவில் ஒரு மாற்றம் தடுமாறியது. பிரிட்டன் 38.07, அமெரிக்கா 38.08. 2008-ல் தகுதிச் சுற்றிலேயே பேட்டன் தரையில் விழுந்தது. 2021 டோக்கியோவில் இறுதிக்கே வரவில்லை.

இது நான்கு பேர் ஓடும் பந்தயம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. உண்மையில் ஓடுவது பேட்டன். அது நானூறு மீட்டரை எவ்வளவு வேகம் குறையாமல் கடக்கிறது என்பதுதான் கணக்கு. நூறு மீட்டரைப் பத்து விநாடியில் ஓடும் நால்வரின் நேரத்தைக் கூட்டினால் நாற்பது வரும். நல்ல அணிகள் முப்பத்தேழரையில் முடிப்பது எப்படி? இரண்டாமவர் முதல் கடைசி ஆள் வரை எல்லோரும் பேட்டனை வாங்கும்போதே ஓட்டத்தில் இருக்கிறார்கள். லாபமெல்லாம் அங்கேதான், இழப்பும் அங்கேதான்.

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வாங்கப்போகிறவர் பாதத்துக்குப் பாதம் வைத்து அளந்து, பின்னால் தரையில் ஒரு டேப் ஒட்டியிருப்பார். குனிந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வருகிறவர் டேப்பைத் தொட்டதும் இவர் கிளம்பிவிட வேண்டும். அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து குரல் வந்ததும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். உள்ளங்கையில் பேட்டன் வந்து விழ வேண்டும். இதெல்லாம் முப்பது மீட்டருக்குள் முடிந்தாக வேண்டும். கைமாறும் நேரத்தில் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டியது பேட்டன்தான்; ஆட்களின் கால் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. டேப்பை எத்தனை அடியில் ஒட்டுவது என்பது வருகிறவர் யார், கிளம்புகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. ஆளை மாற்றினால் அந்த அளவும் மாறும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2024 பாரிஸுக்கு வாருங்கள். அந்த ஒலிம்பிக்கின் நூறு மீட்டர் இறுதியில் ஓடிய எட்டுப் பேரில் மூவர் அமெரிக்கர்கள். கனடாக்காரர் ஒருவர்கூட இல்லை. தொடர் ஓட்டத் தகுதிச் சுற்றில் அமெரிக்கா 37.47-ல் முடித்தது. மறுநாள் இறுதியில், தகுதிச் சுற்றில் ஓடாத கென்னி பெட்னரெக் இரண்டாவது ஆளாக வந்தார். அவர் சற்று முன்னதாகவே கிளம்பிவிட்டார். முதல் ஆள் கிறிஸ்டியன் கோல்மனால் எட்டிக் கொடுக்க முடியவில்லை. பெட்னரெக் வேகத்தைக் குறைக்க, கோல்மன் வந்து மோதாத குறை. பேட்டன் எல்லையைத் தாண்டிவிட்டது, தகுதி நீக்கம். தங்கம் வென்ற கனடாவின் நேரம் 37.50! முந்தின நாள் அமெரிக்கா ஓடிய நேரம் அதைவிடக் குறைவு.

அந்தக் கனடா அணி யார்? ஆரன் பிரவுன், ஜெரோம் பிளேக், பிரெண்டன் ரோட்னி, ஆந்த்ரே டி கிராஸ். 2021 டோக்கியோ இறுதியிலும் இதே நால்வர், இதே வரிசை. 2022-ல் அமெரிக்க மண்ணிலேயே, யூஜின் உலகப் போட்டியில், அமெரிக்காவைத் தோற்கடித்ததும் இவர்கள்தான். அவர்கள் வருடக்கணக்காக ஒருவர் கைக்கு ஒருவர் பழகியதை 'எதிரிக்கு அதிர்ஷ்டம் இல்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2016 ரியோவில் வெள்ளி வென்ற ஜப்பான் அணியில் அதுவரை நூறு மீட்டரைப் பத்து விநாடிக்குள் ஓடியவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் நேரம் 37.60. அங்கேயும் அமெரிக்காவைத் தகுதி நீக்கம் செய்ததால்தான் ஜப்பானுக்கு வெள்ளி கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓட்டம் முடியும் கோட்டிலேயே ஜப்பான்தான் முன்னால் இருந்தது.

சரி, பழகினால் தவறே வராதா? வரும். அதே ஜப்பான் 2021-ல் சொந்த மண்ணில் முதல் மாற்றத்திலேயே பேட்டனைக் கொடுக்க முடியாமல் நின்றது. ஆனால் அதற்கும் காரணம் அங்கே, அந்தச் சில மீட்டருக்குள்தான் இருந்தது.

அமெரிக்காவுக்கு இது கைவராத வித்தை என்றும் சொல்ல மாட்டேன். 2019, 2023 உலகப் போட்டிகளில் தங்கம் அவர்களுக்குத்தான். 2025-ல் டோக்கியோ உலகப் போட்டி இறுதியில் முதல் ஆள் அதே கோல்மன், இரண்டாவது ஆள் அதே பெட்னரெக். இந்த முறை பேட்டன் எல்லைக்குள்ளேயே கைமாறியது. 37.29, தங்கம்.