ஆரி வகுப்புக்கு எதற்கு டிரஸ்ட்?

கேள்வி: தாம்பரம் அருகே 24 வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. பதிவு செய்த குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. சனி, ஞாயிறு மாலைகளில் சங்கக் கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறோம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் செல்போனில் பணம் அனுப்பவும் மோசடி அழைப்புகளை அடையாளம் காணவும் சொல்லித்தருகிறார். ஓர் அம்மா ஆரி வேலை, இன்னொருவர் பேச்சு ஆங்கிலம். யாருக்கும் சம்பளம் இல்லை. டீ, கரண்ட், நூல் செலவுக்காகத் தலைக்கு மாதம் 100 ரூபாய் வாங்குகிறோம். பக்கத்துத் தெருக்காரர்களும் வருகிறார்கள். இப்போது ஒரு கன்சல்டன்ட் வந்து, தனி டிரஸ்ட், 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், ஜிஎஸ்டி எல்லாம் இல்லாமல் நடத்துவது சட்டவிரோதம், 45,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது ஐயா?

பதில்: அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தச் செலவை 100 ரூபாய் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.

நீங்கள் நடத்துவது வகுப்பு. அவர் விற்க வந்திருப்பது நிறுவனம். ஏற்கெனவே பதிவான சங்கம் கையில் இருக்கும்போது அதற்குப் பக்கத்தில் ஒரு டிரஸ்டையும் நட்டால் இரண்டு பான் அட்டை, இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு தணிக்கை என்று ஆகும். எங்களைப் போன்ற ஆடிட்டர்களுக்கு அதில் வருமானம் உண்டு, உங்களுக்கு ஒன்றும் இல்லை.

முதலில் சங்கத்தின் துணைவிதிப் புத்தகத்தை எடுங்கள். 'நோக்கங்கள்' என்ற பகுதியில் உறுப்பினர் நலன், கல்வி, பண்பாடு என்று ஏதாவது ஒரு சொல் இருக்கும். இருந்தால் செயற்குழுவைக் கூட்டி, இன்ன நாளில் இன்ன வகுப்பு, மாதம் இவ்வளவு பங்குத்தொகை என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அவ்வளவுதான். அப்படி ஒரு சொல்லுமே இல்லையென்றால் பொதுக்குழுவில் துணைவிதியைத் திருத்தி, பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு சங்கத்துக்கு 'கல்வி' என்ற ஒரே சொல்லைச் சேர்க்க நான் நான்கு முறை படியேறினேன். மூன்றாவது முறை எல்லாத் தாளும் சரியாக இருந்தன, எழுத்தர்தான் விடுப்பில். இப்படி அலைய விட்டால் ஜனங்கள் புரோக்கரிடம் போகாமல் என்ன செய்வார்கள்?

100 ரூபாய்க்கு வருவோம். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணில் வாங்குகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். சங்கக் கணக்குக்கு வர வேண்டும், ரசீது போட வேண்டும். உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுத் தங்களுக்கே செலவழிக்கும் பணம் பொதுவாக வருமானமாகாது. பக்கத்துத் தெருக்காரர்கள் தருவது அப்படியல்ல, அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஆசிரியருக்கு ஆட்டோ செலவு கொடுத்தால் வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். ஜிஎஸ்டி? சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு. பராமரிப்புப் பணத்தைச் சேர்த்தாலும் 24 வீட்டுச் சங்கம் அந்தப் பக்கம் போக வாய்ப்பில்லை. ஒரு வேடிக்கை: பதிவு பெற்ற அறநிறுவனங்களுக்கான ஜிஎஸ்டி விலக்குப் பட்டியலில், கிராமப்புறத்தில் வசிக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான கல்வி இருக்கிறது. தாம்பரத்தில் குடியிருக்கும் 66 வயதுக்காரர் என்ன பாவம் செய்தாரோ, பட்டியல் போட்டவர்களுக்குத்தான் வெளிச்சம்.

12ஏ என்பது அறநிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு, 80ஜி என்பது அதற்கு நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை. இரண்டுக்கும் விண்ணப்பம் வருமான வரி இணையதளத்தில்தான், அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. 80ஜி இல்லாவிட்டால் நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, நீங்கள் நன்கொடை வாங்கத் தடையில்லை. புதிய வரிமுறையில் இருக்கும் தனிநபருக்கு அந்தச் சலுகையே இல்லை. பெரிய கம்பெனிகளிடம் நிதி கேட்கப் போனால்தான் இதெல்லாம் பேச்சு.

அடுத்து அவர் 'ஐஎஸ்ஓ சான்றிதழ்', 'எம்எஸ்எம்இ பதிவு', தொண்டு நிறுவனங்களுக்கான 'என்ஜிஓ தர்பண்' பதிவு என்று ஒரு கோப்பை விரிப்பார். என்னிடம் வந்த ஒரு மகளிர் குழு, கூடை பின்னும் வகுப்புக்கு ஐஎஸ்ஓ வாங்கி, ஹாலோகிராம் மின்ன, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. 18,000 ரூபாய். அது நடைமுறைகளைப் பார்த்து ஒரு சான்றளிப்பு நிறுவனம் தரும் தாள். அரசு அங்கீகாரம் இல்லை. எம்எஸ்எம்இக்கான உத்யம் பதிவும் தர்பண் பதிவும் அரசுத் தளங்களில் இலவசம். உத்யம் தளத்தைப் போலவே தோற்றமளித்துக் கட்டணம் கேட்கும் தளங்கள் கூகுளில் முதலில் வந்து நிற்கும், ஜாக்கிரதை. 'அரசு நிதி வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் முன்னால் கொடுங்கள்' என்றால் கதவைச் சாத்துங்கள். நீங்களும் 'அரசு அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ' என்று யாருக்கும் தாள் அடித்துக் கொடுக்காதீர்கள். 'வகுப்பில் கலந்துகொண்டார்' என்பது போதும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் உண்மையிலேயே பயப்பட வேண்டும். அதை அந்த கன்சல்டன்ட் சொல்லியிருக்க மாட்டார். மூன்றாம் மாடி மாமியின் மகன் அமெரிக்காவிலிருந்து, 'வகுப்புக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பணம் அனுப்புவான். அவன் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், சிக்கல் இல்லை. கிரீன் கார்டு இருந்தாலும் அவன் இந்தியக் குடிமகன்தான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருக்கிறான், இங்கேயே பிறந்தவன், ரூபாயில்தான் அனுப்பினான், சென்னை வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினான், எந்தச் சமாதானமும் எடுபடாது. சட்டம் பார்ப்பது கொடுப்பவரின் குடியுரிமையை. வாங்க வேண்டுமானால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குச் சங்கம் மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், செலவுக் கணக்கு காட்ட வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும். ஒரு புரொஜெக்டருக்கு இந்தப் பாடா? மாமியே தன் பென்ஷனிலிருந்து முடிந்ததைக் கொடுக்கட்டும்.

உங்கள் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்க வரும் பெண்களில் யாராவது எழுதப் படிக்கக் கற்க ஆசைப்பட்டால், அதற்கு அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட எவரும் சேரலாம், கற்றுத்தருபவர்களும் உங்களைப் போன்ற தன்னார்வலர்களே. தேர்வில் தேறினால் கிடைப்பது நிஜமான அரசுச் சான்றிதழ், காலணா செலவில்லாமல். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கேளுங்கள்.

அப்புறம், அந்த மனிதரிடம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முன்பணம் கொடுத்திருந்தால் அது வரும்போது வரட்டும். செயலாளரின் ஆதார் நகலோ, கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்பேடோ போயிருந்தால், நாளைக் காலையே அவர் அலுவலகத்துக்குப் போய் வாங்கி வாருங்கள்.