ஊசி நூல் கேள்வி பதில்: பாத்திக் குவில்ட்டுக்கு என்ன அடித்துணி?

கேள்வி: அக்கா, அம்மா கட்டிய பாத்திக் கைலிகளை வெட்டி, 60க்கு 80 அங்குலத்தில் குவில்ட்டின் மேல்பக்கத்தைத் தைத்து முடித்துவிட்டேன். எல்லாம் கிளந்தான் பருத்தித் துணி, வருடக்கணக்கில் துவைத்து மெத்தென்று ஆனவை. அடியில் பழைய வெள்ளை பெட்ஷீட் போதும் என்கிறார் நாத்தனார். புது பாத்திக்கே போடுங்கள் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, பினாங்கு

பதில்: குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு. அவற்றைச் சேர்த்துக் கையால் தைக்கப் போகிறீர்களா, மிஷினிலா? அதை நீங்கள் எழுதவில்லை. அடித்துணியை முடிவு செய்வது அதுதான். நிறமும் பூவும் அதற்கு அப்புறம்.

பாத்திக் துணியின் நெசவு நெருக்கமானது. காரணம் மெழுகு. துணியில் மெழுகால் பூ எழுதி, மெழுகு இல்லாத இடத்தில் சாயம் ஏற்றுவதுதான் பாத்திக். துணி தளர்வாக இருந்தால் மெழுகுக் கோடு பரவிவிடும், சாயம் அடியில் புகுந்து பூவின் விளிம்பைக் கெடுத்துவிடும். அதனால்தான் ஜாவாவில் கையால் மெழுகு எழுதுகிறவர்கள் ‘பிரிமிசிமா’ என்ற மெல்லிய, நெருக்கமான பருத்தித் துணியைத் தேடி வாங்குகிறார்கள். அதற்கு அடுத்த தரம் ‘பிரிமா’. பாலியிலிருந்து குவில்ட்டுக்கென்றே வரும் பாத்திக்கும் இதே மாதிரி இறுக்கமானதுதான். இப்படிப்பட்ட துணியில் ஊசி இழைகளுக்கு நடுவே நழுவிப் போகாது, இழையையே குத்திக்கொண்டு இறங்கும். புது பாத்திக்கில் மிஷின் ஓட்டினால் ஒவ்வொரு தையலுக்கும் ‘டொப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பிரித்தால் ஊசி போன ஓட்டை சுலபத்தில் மூடாது.

உங்கள் கைலிகள் துவைத்துத் துவைத்து இளகிவிட்டன, மேல்பக்கம் ஊசிக்கு வழி விடும். கையால் தைப்பதாக இருந்தால், அடியில் புது பாத்திக்கைப் போட்டு அந்தச் சௌகரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு வரிசை போவதற்குள் விரல் நுனி வீங்கிவிடும். நல்ல கேம்பிரிக் பருத்தித் துணி வாங்குங்கள். கடையிலேயே ஒற்றை மடிப்பாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் கையை வையுங்கள். விரல்கள் மங்கலாக, நிழல் போலத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். விரல் இடுக்குகூடத் தெளிவாகத் தெரிந்தால் அது மல் மாதிரித் துணி. அதற்குள்ளிருந்து பஞ்சு இழை இழையாக வெளியே எட்டிப் பார்க்கும், இரண்டு துவையலில் அடிப்பக்கம் முழுக்க நரை விழுந்தது போலாகிவிடும்.

மிஷினில் தைப்பதாக இருந்தால் கடைக்காரர் சொல்வது சரி. பாத்திக் அடித்துணி பஞ்சை வெளியே விடாது, மெலிசு, இரண்டு பக்கமும் சாயம் ஏறியிருப்பதால் உள்பக்கம் வெளிப்பக்கம் பார்க்கிற வேலையும் இல்லை. ஆனால் வழக்கமாகப் போடும் 14, 16ஆம் நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு, 11 அல்லது 12ஆம் நம்பரில் கூர்முனை ஊசி போடுங்கள். பாபின் நூலும் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த ஊசி போட்ட ஓட்டையில் மேல்நூலின் நிறம் அடியில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

எதை வாங்கினாலும் ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். புதுப் பருத்தித் துணி முதல் துவையலில் 100க்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 80 அங்குலத்தில் அது இரண்டரை அங்குலத்திலிருந்து நான்கு அங்குலம். உங்கள் கைலிகளோ சுருங்கவேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்தவை. துவைக்காத துணியை அடியில் வைத்துத் தைத்தால், முதல் துவையலில் அது மட்டும் உள்ளே இழுக்கும், மேலே அம்மாவின் கைலி முழுக்கச் சுருக்கம் விழும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயப்போடுங்கள்.

வெள்ளை பெட்ஷீட் வேண்டாம். நாத்தனார் சிக்கனமாக யோசித்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பழைய பெட்ஷீட் படுக்கிற இடத்தில், நட்டநடுவில், தேய்ந்திருக்கும். குவில்ட்டிலும் முதலில் கிழியப் போவது அந்த இடம்தான். வெள்ளையில் ஒவ்வொரு தையலும் தப்பில்லாமல் தெரிய வேண்டும் என்ற கவலை வேறு. நடுத்தர நிறத்தில் பொடிப்பூ போட்ட துணியாகப் பாருங்கள். கைலித் துண்டு மிச்சமிருந்தால் அடித்துணியை ஒட்டும் இடத்தில் ஒரு பட்டையாகக் கொடுங்கள். அம்மா துணி அவ்வளவு எளிதில் கிடைக்காது, ஒரு துண்டைக்கூட வீணாக்க வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகள் பாலி பாத்திக் அனுப்பினாள். எங்கள் பக்கத்துச் சென்னிமலைக் கைத்தறிப் போர்வையை அடியில் வைத்தால் ஒட்டுப் போடும் வேலை மிச்சமாகுமே?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒட்டு மிச்சமாகும், எடை ஏறும். பஞ்சும் வைத்து அதற்கடியில் சென்னிமலைப் போர்வையும் வைத்தால், வீட்டு மிஷினின் கைக்கடியில் குவில்ட்டைச் சுருட்டித் தள்ளுவதற்கே ஒரு ஆள் வேண்டும். நான் செய்வது வேறு. பஞ்சை எடுத்துவிடுங்கள். மேலே பாத்திக், கீழே சென்னிமலை, இரண்டே அடுக்கு. நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கனமே யதேஷ்டம். மேலும் கீழும் நெசவு வேறு வேறு என்பதால் கீழ்த்துணி இழுபடும். இரண்டு துணியையும் ஒன்றாக நகர்த்தும் ‘வாக்கிங் ஃபூட்’ என்ற மிஷின் பாதம் இருந்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் நாலு விரல் இடைவெளியில் கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்சு வேண்டும் என்றால், அடியில் போர்வைக்குப் பதில் 90 அங்குல அகல பெட்ஷீட் துணியை மீட்டர் கணக்கில் வாங்குங்கள். ஈரோட்டில் இருந்துகொண்டு துணிக்கு அலைய வேண்டியதில்லை. பாலியெஸ்டர் கலக்காததா என்று மட்டும் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி உருண்டு நின்றால் கலப்பு.

கேள்வி: 44 அங்குல அகலத் துணியை ஒட்டுப் போட்டு அடித்துணி செய்தால் எத்தனை மீட்டர் வேண்டும்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மேல்பக்கத்தைவிட நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும். கரையை வெட்டி எறிந்துவிடுங்கள், அது இறுக்கமாக இருக்கும், ஒட்டோடு சேர்ந்தால் பிடித்து இழுக்கும். ஆக 44 என்பது கைக்கு 42.

60க்கு 80 குவில்ட் என்றால் அடித்துணி 68க்கு 88. நெடுக்கில் ஒட்டினால் 88 அங்குலத் துண்டு இரண்டு, நாலரை மீட்டர். சுருக்கத்துக்கும் சேர்த்து ஐந்து வாங்குங்கள். அதுவே 60க்கு 72 என்றால் அடித்துணி 68க்கு 80. இங்கே ஒட்டைக் குறுக்கே போட்டால் 68 அங்குலத் துண்டு இரண்டே போதும். நெடுக்கில் போட்டால் 4 மீட்டருக்கு மேல் போவது, குறுக்கே மூன்றரையில் முடிந்துவிடும். ஒட்டுக்கு அரை அங்குலம் விட்டுத் தையுங்கள், இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள்.

கேள்வி: கருநீல பாத்திக் சாயம் விடுகிறது. கல் உப்பில் ஊறவைத்தும் நிற்கவில்லை. அடியில் சந்தன நிறம் போட ஆசை.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உப்போ வினிகரோ பருத்தியில் ஏறாமல் தங்கிய சாயத்தைக் கட்டிப்போடாது. அது வெளியேறித்தான் ஆக வேண்டும். வெந்நீர், நிறையத் தண்ணீர், கொஞ்சம் சோப்புத் தூள். ஒவ்வொரு அலசலிலும் ஒரு டம்ளர் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பாருங்கள். தெளியும் வரை விடாதீர்கள். பிறகு ஈரத்துணியை வெள்ளைத் துண்டின் மேல் ஒரு ராத்திரி வையுங்கள். கறை ஏறாவிட்டால் சந்தன நிறம் தாராளமாகப் போடலாம். ஏறினால் அடியிலும் நீலமே போடுங்கள், ஆசைப்பட்ட நிறம் முதல் துவையலில் அழுக்காவதைவிட அது நல்லது.

கேள்வி: மாமனார் 1970களில் சென்னை சோழமண்டல ஓவியர் கிராமத்தில் வாங்கிய பாத்திக் படம் ஒன்று இருக்கிறது. அதை குவில்ட்டாக்கிச் சுவரில் மாட்டலாமா?
- ஒரு வாசகி, அடையாறு

பதில்: வெட்டாமல் செய்வதாக இருந்தால் செய்யுங்கள். 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் அந்தக் கிராமத்தை உருவாக்கியபோது, கையில் காசு புரள உதவியது பாத்திக் போன்ற கைவினைப் பொருட்கள்தான். அந்தக் காலத்துத் துண்டில் ஊசி ஓட்டை போட எனக்கு மனசு வராது. அடியில் அதே கனத்தில் துவைத்த காடாத் துணி, நடுவில் பஞ்சு வேண்டாம், தையல் ஓரத்தில் மட்டும். பின்னால் மேல் விளிம்பில் 4 அங்குல அகலத்தில் ஒரு குழாய் தைத்து அதில் கம்பைச் செருகுங்கள், எடை ஒரே சீராக இறங்கும். வெயில் படாத சுவராக இருக்கட்டும்.