தாத்தா யோசிக்கும் அந்த ஐந்து நிமிடம்

கேள்வி: ஊருக்குப் போகும்போதெல்லாம் 80 வயதுத் தாத்தா என்னை ஆடுபுலி ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார். அவருக்கு ஆடு, எனக்குப் புலி. ஒரு காய் வைக்க ஐந்து நிமிடம் யோசிப்பார். அதுவரை நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் என் மூன்று புலிகளையும் அடைத்துவிடுகிறார். நன்றாக ஆடப் பழகுவது எப்படி? (வாசகர், வயது 26)

பதில்: போன் பார்ப்பதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், தம்பி. எனக்கு அதைத் தாண்டிப் படிக்கவே மனம் வரவில்லை.

கட்டத்தில் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. ஒன்றையும் வெட்டுக்கொடுக்காமல் தாத்தா எல்லா ஆட்டையும் இறக்கிவிட்டால் காலியாக இருப்பது 5 இடம்தான். பதினைந்தும் இறங்கும்வரை வைத்த ஆட்டை அவர் நகர்த்தவும் முடியாது. உங்கள் வேட்டைக்காலமே அதுதான். அப்போதுதான் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறீர்கள்!

அவர் விரலைப் பாருங்கள். காயோடு ஒரு புள்ளிக்கு மேலே நிற்கும், தயங்கும், விலகி வேறு புள்ளிக்குப் போகும். ஏன் விலகியது? ஆட்டுக்குப் பின்னால் அதே கோட்டில் இடம் காலியாக இருந்தால்தான் புலி தாண்டி வெட்ட முடியும். அந்தக் காலி இடத்தை அவர் பார்த்துவிட்டார், நீங்கள் பார்க்கவில்லை. அடிவரிசையின் இரண்டு மூலைகளில் எப்போது வைக்கிறார் என்று கவனியுங்கள். கோடுகள் அங்கேயே முடிந்துவிடுவதால் அந்த ஆட்டை எந்தப் புலியாலும் தொட முடியாது. சில சமயம் ஓர் ஆட்டை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பார். அதை வெட்ட ஓடுகிற புலி திரும்பி வர வழியிருக்காது.

அடுத்த முறை ஆடுகளை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோற்பீர்கள். தோற்றதும் எழுந்து போகாமல், "தாத்தா, நான் எங்கே விட்டேன்?" என்று கேளுங்கள். காய்களைத் திரும்ப அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கட்டங்கள் செதுக்கியபடியே இருக்கின்றன. எதிரில் உட்கார ஆள்தான் இல்லை. அந்த வயதில் ஒருவர் பேரனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்கிறார், பேரன் அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. இதை மரியாதைக்குறைவு என்றுதான் சொல்வேன். பெரியவர்கள் அதைக் கவனிக்காமலும் இல்லை, வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறார்கள்.

போனை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். ஐந்து நிமிடம் போதாவிட்டால் அவர் பத்து நிமிடம் யோசிக்கட்டும்.