கடலில் மரத்தூள் கொட்டியது யார்?

கேள்வி: மார்ச் கடைசியில் ஒரு காலை மரைன் டிரைவில் நடக்கும்போது கடலில் பழுப்பு நிறமாக நீள நீளக் கோடுகள். கரைக்குக் கிட்ட மரத்தூள் கொட்டினது போல மிதந்தது, மீன் அழுகின மணம் வேறு. கால்வாய் அழுக்கு என்கிறார் கணவர். கப்பல் எண்ணெய் என்கிறார் பக்கத்து வீட்டு அங்கிள். எது சரி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டு பேருமே தோற்றார்கள் என்றுதான் நினைக்கிறேன். 2021இல் கொழும்புக்குக் கிட்டக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்த பிறகு கடலில் எது மிதந்தாலும் நமக்குக் கப்பல் மேல்தான் சந்தேகம், அதைப் பிழை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளம் டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசிக்குத்தான் பொருந்துகிறது (பேர்தான் பாசி, ஆள் பற்றீரியா). பழைய மாலுமிகள் இதைக் ‘கடல் மரத்தூள்’ என்றே சொன்னார்கள்.

இதன் உடம்புக்குள் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள் உண்டு. காற்று பலமாக அடிக்கிற நாளில் கடல் இதைக் கலக்கிக் கீழே வரை பரத்திவிடும், இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வாடைக் காற்று ஓய்ந்து சோளகக் காற்று இன்னும் தொடங்காத மார்ச், ஏப்ரலில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், மேல் தண்ணீர் 29, 30 பாகைக்குச் சூடேறி, கீழே உள்ள குளிர்ந்த தண்ணீரோடு சேராமல் தனித் தட்டாக நின்றுவிடும். அப்போது இது மேலே மிதந்து வந்து வெயில் காயும். கீழேயிருந்து சத்து வராததால் மற்றப் பாசிகள் நைதரசன் இல்லாமல் பட்டினி, இதுவோ நீரில் கரைந்த காற்றிலிருந்தே நைதரசனை எடுத்துச் சமைத்துக்கொள்ளும்! இரும்பும் பொஸ்பரசும் மட்டும் வெளியே இருந்து வேண்டும், இரும்பு பாலைவனத் தூசியாகக் காற்றில் வந்துகூடக் கடலில் விழும். ஆகவே கால்வாய் இல்லாத நடுக்கடலிலும் இது பூக்கிறது. பால்டிக் கடலின் கோடைப் பாசி வேறு கதை, அதற்கு வயல் உரத்தின் பொஸ்பரஸ் நல்ல தீனி, அங்கே உங்கள் கணவர் வென்றிருப்பார்.

சரி, அங்கிளை எப்படி நம்பவைப்பது? எண்ணெய் என்றால் விரலில் பிசுக்கும், இது பிசுக்காது. அடுத்த முறை ஒரு கண்ணாடிப் போத்தலில் அள்ளி வையுங்கள், தூள் மெல்ல மேலே ஏறி நிற்கும், பிறகு அது செத்துக் கரையும்போது தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்த மணம் அடிக்கிற நாளில் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள், தோல் அரிக்கலாம். கால்வாய்க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அதன் வாய்க்குக் கிட்ட எந்த மாதத்திலும் குளிக்க வேண்டாம்.